விருந்தினராய்ச் சென்ற அறிஞர்

சென்ற தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னர், எம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கோயில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். அவருடைய மகள் இளங்கலைப் படிப்பை முடித்திருந்தாள். மேற்படிப்புக்கு அவள் தேர்ந்துகொண்ட பாடம் ஒப்பியல் சமயம். "சாமி, நம்ம வேதத்தையே இன்னும் முழுசா அறிஞ்சுக்கல. எல்லா மதத்தையும் ஒண்ணா வச்சுப் படிச்சா பிள்ளைக்கு விசுவாசம் நிலைக்குமா?" என்று கேட்டார். நான் களைத்திருந்தேன். "படிப்புத்தானே, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் போனபின் நான் சொன்ன சொல்லே என்னை உறுத்தியது. மகள் வேதியியலோ வணிகவியலோ படிக்கப் போவதாக இருந்தால் அந்தத் தந்தை என்னிடம் வந்திருக்கமாட்டார். மனிதர் எதற்காக வாழ்கிறார்களோ, எதற்காகச் சாகவும் துணிகிறார்களோ, அதைத் தொடுகிறவர் தாமும் தொடப்படாமல் திரும்புவதில்லை என்பதை அவர் தம் எளிய அறிவால் உணர்ந்திருந்தார். இறையியல் பயின்ற நான் அதை மறந்திருந்தேன். அவருடைய அச்சத்தில் இருந்த உண்மை என் ஆறுதல் மொழியில் இல்லை.

ஆகவே அவர் கேள்வியை இங்கே மீண்டும் எடுத்துக்கொள்கிறேன். பிறர் சமயத்தை ஆழ்ந்து அறிவதால் நம் விசுவாசம் தேயுமா? தேயாமல் அறிய வழி உண்டா? இக்கேள்விக்கு ஏட்டால் மட்டுமன்றி வாழ்வாலும் விடை தந்தவர் ஒருவர் உண்டு. அவர் பிரெஞ்சு அறிஞர் லூயி மாசிஞோன்.

வழி தவறியவர் கண்ட வீடு

மாசிஞோன் 1883ஆம் ஆண்டு பாரிசு நகருக்கு அருகே பிறந்தார். தந்தை புகழ்பெற்ற சிற்பி; இறைநம்பிக்கை அற்றவர். தாயோ பக்தியுள்ள கத்தோலிக்கப் பெண்மணி. மகன் அறிவில் வளர்ந்தார், விசுவாசத்தில் தளர்ந்தார். இருபது வயதைத் தாண்டுவதற்குள் தாய் ஊட்டிய நம்பிக்கை அவரை விட்டு அகன்றுவிட்டது. அவருக்கு எஞ்சியிருந்தது அரபு மொழியின்மீதும் கீழ்த்திசை நாடுகளின்மீதும் கொண்ட தீராத ஆர்வம்.

1904ஆம் ஆண்டு மொராக்கோவுக்குச் சென்று ஆய்வு நடத்தினார். அந்நாட்டை அவருக்கு முன்னரே ஆராய்ந்து எழுதியவர், அப்போது சகாரா பாலைநிலத்தில் துறவியாய் வாழ்ந்துவந்த சார்லஸ் தெ ஃபூக்கோ. 2022ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்டவர் இவரே. இளம் அறிஞர் தம் ஆய்வை அவருக்கு அனுப்பினார். பாலைநிலத்திலிருந்து வந்த பதிலில், அவருக்காக இறைவனிடம் மன்றாடுவதாகத் துறவி எழுதியிருந்தார். ஆய்வைப் பற்றிய கருத்தை எதிர்பார்த்தவருக்கு ஒரு மனிதரின் செபம் கிடைத்தது. அந்நாளில் அதன் அருமையை அவர் உணர்ந்திருக்க வழியில்லை.

1907ஆம் ஆண்டின் இறுதியில் தொல்லியல் பணிக்காகப் பாக்தாது சென்றடைந்தார். ஐரோப்பியர் தங்கும் பகுதியில் தங்காமல், ஆலூசி என்னும் இஸ்லாமிய அறிஞர் குடும்பத்தாரின் ஆதரவில், இஸ்லாமியர் வாழும் பகுதியிலேயே வீடெடுத்துத் தங்கினார். மறு ஆண்டு மே மாதம் திக்ரீசு ஆற்றில் கப்பலில் செல்லும்போது, ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் துருக்கிய ஆட்சியினரால் பிடிக்கப்பட்டார். அச்சம் ஒருபுறம், கடுங்காய்ச்சல் மறுபுறம். இவற்றுக்கும் மேலாகத் தாம் வாழ்ந்துவந்த வாழ்வின்மீதே எழுந்த அருவருப்பு. தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளவும் முயன்றார். அந்த இருளில்தான், தம்மை நாடி ஒருவர் வந்ததாக உணர்ந்தார். வந்தவரை அவர் 'அந்நியர்' என்றே பின்னாளில் குறிப்பிட்டார். பெயர் சொல்லி விளக்க முயலவில்லை. தம்மைத் தீர்ப்பிடவும் தாங்கவும் வல்ல ஒருவர் என்பது மட்டும் அவருக்கு ஐயமறத் தெரிந்தது.

ஆண்டுகள் பல கழித்து அவர் நாவில் மீண்டும் எழுந்த முதல் செபம் அரபு மொழியில் எழுந்தது. தாயின் செபமும், ஃபூக்கோ அடிகளின் செபமும், பல நூற்றாண்டுகளுக்கு முன் பாக்தாதில் கொல்லப்பட்ட ஓர் இஸ்லாமிய ஞானியின் பரிந்துரையும் தம்மைக் காத்தன என்று அவர் நம்பினார். அவர் குற்றமற்றவர் என்று அதிகாரிகளிடம் உறுதி கூறியவர்கள் ஆலூசி குடும்பத்தார். தம் ஆதரவில் வந்தவரைக் கைவிடலாகாது என்பது அவர்களுடைய அறம். சில வாரங்களுக்குப்பின், பாக்தாதில் பணியாற்றிய கார்மேல் சபைத் துறவி ஒருவரிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெற்று, மாசிஞோன் திருச்சபையின் மடிக்குத் திரும்பினார்.

அந்தத் தந்தையின் அச்சத்துக்கு இவ்வரலாறு நேர் எதிராக நிற்பதைப் பாருங்கள். கத்தோலிக்க வீட்டில் விசுவாசத்தை இழந்தவர், இஸ்லாமியர் நடுவில் அதை மீண்டும் பெற்றார். ஆயினும் இதிலிருந்து விதி ஒன்றை வகுத்துவிட முடியாது. இதே பாதையில் சென்று திரும்பாதவர்களும் உண்டு. நாம் கேட்க வேண்டியது, இவர் அப்பாதையில் எவ்வாறு நடந்தார் என்பதே.

ஹல்லாஜின் சாம்பல்

மேலே குறிப்பிட்ட இஸ்லாமிய ஞானியின் பெயர் அல் ஹல்லாஜ். ஒன்பதாம் நூற்றாண்டில் பாரசீக மண்ணில் பிறந்தவர். மும்முறை மெக்காவுக்குத் திருப்பயணம் மேற்கொண்டவர். நம் இந்திய நாட்டுக்கும் வந்து சென்றவர். மறைவாகப் பேணவேண்டிய ஞானத்தைப் பாக்தாது கடைத்தெருவில் எளியோர் நடுவே பேசினார் என்பது சூஃபி ஞானியர் சிலரே அவர்மீது கொண்ட குறை. 'மெய்ப்பொருள் நானே' என்னும் பொருள்பட அவர் கூறியதாக வழங்கும் சொல் பெரும் புயலைக் கிளப்பியது. பல ஆண்டுகள் சிறையிருந்தபின், 922ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கசையடி பட்டு, கை கால் துண்டிக்கப்பட்டு, மரத்தில் தொங்கவிடப்பட்டு மாண்டார். உடலை எரித்துச் சாம்பலைத் திக்ரீசு ஆற்றின்மீது தூவினார்கள்.

அச்சாம்பலைத் தேடி மாசிஞோன் பல ஆண்டுகள் உழைத்தார். சிதறிக் கிடந்த ஓலைகளையும் சுவடிகளையும் நாடு நாடாகத் திரட்டினார். ஹல்லாஜ் இறந்த ஆயிரமாவது ஆண்டாகிய 1922இல், அவருடைய வாழ்வையும் மரணத்தையும் போதனையையும் பற்றிய பெருநூல் வெளிவந்தது.

அந்நூலின் நடுவில் ஒரு மறைஞானக் கேள்வி உண்டு. 'மெய்ப்பொருள் நானே' என்று ஒரு மனிதர் சொன்னால் அதன் பொருள் என்ன? மனிதனும் இறைவனும் தொடக்கமுதலே ஒரே பொருள் என்றும், அறியாமை நீங்கினால் அவ்வொருமை தானே விளங்கும் என்றும் கொள்வது ஒரு வழி. அன்பின் மிகுதியால் மனிதன் தன் 'நான்' என்பதை முற்றும் விட்டுக்கொடுக்க, வெறுமையான அவ்விடத்தில் இறைவனே தமக்குத் தாம் சான்று பகர்கிறார் என்று கொள்வது மற்றொரு வழி. ஹல்லாஜின் சொல்லை இரண்டாவது வழியிலேயே கொள்ளவேண்டும் என்று மாசிஞோன் வாதிட்டார். அன்பு செய்ய இருவர் வேண்டும். இருவரும் ஒன்றாய்க் கரைந்து போனால் அன்பு செய்வார் யார்? அன்பு செய்யப்படுவார் யார்? இவ்வேறுபாட்டை நம் திருச்சபையின் ஞானியரும் கவனமாய்ப் போற்றியவர்களே.

அவர் ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர், சூஃபி ஞானம் இஸ்லாத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்றே கருதினர். கிறிஸ்தவத் துறவியரிடமிருந்து வந்தது என்றார் சிலர். கிரேக்க மெய்யியலிலிருந்து என்றார் சிலர். பாரசீகத்திலிருந்தும் இந்திய வேதாந்தத்திலிருந்தும் வந்தது என்றார் வேறு சிலர். மாசிஞோனோ தொடக்ககால ஞானியர் கையாண்ட கலைச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எங்கிருந்து முளைத்தன என்று ஆராய்ந்தார். திருக்குர்ஆனை ஓயாமல் ஓதி, தியானித்து, அதன்படி வாழ முயன்ற நெஞ்சங்களிலிருந்தே அந்த ஞானம் முதன்மையாக விளைந்தது என்று காட்டினார்.

கத்தோலிக்கராகிய அவர், 'இவர்களிடம் உள்ள நன்மை எங்களிடம் வாங்கியது' என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். விருந்துக்குச் சென்ற வீட்டில் நல்ல சோற்றைக் கண்டதும், இந்த அரிசி எங்கள் வீட்டில் கடன் வாங்கியதுதானே என்று கேட்கும் விருந்தாளியை நாம் என்னவென்று சொல்வோம்? மாசிஞோன் அவ்வாறு கேட்கவில்லை. அந்த வயலில் விளைந்தது அந்த வயலின் விளைச்சல் என்று ஒப்புக்கொண்டார். அறிஞருக்குரிய நேர்மை அது. விருந்தினருக்குரிய பண்பும் அதுவே.

அவர்மீது குறை சொன்னவர்களும் உண்டு. ஹல்லாஜின் முகத்தில் கிறிஸ்துவின் பாடுகளை அளவுக்குமேல் வரைந்துவிட்டார் என்றனர் சிலர். இஸ்லாமிய மரபின் ஓரத்தில் நின்றவரை நடுவில் நிறுத்திவிட்டார் என்றனர் வேறு சிலர். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அன்புள்ள கண்ணுக்கும் ஒரு சாய்வு உண்டு. ஆயினும் அன்பில்லாத கண் பார்க்கத் தவறியது அதைவிட மிகுதி என்பேன்.

விருந்தினர் நெறி

பிறரைப் புரிந்துகொள்வது என்றால் அவரை நம்மோடு இணைத்துக்கொள்வது ஆகாது, அவருடைய விருந்தினராவதே ஆகும் என்பது மாசிஞோன் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய கருத்து. பாக்தாதில் தம்மைக் காத்த குடும்பத்தாரிடம் அவர் இதைக் கற்றார். மம்ரே தேவதாரு மரங்களருகே அந்நியர் மூவரை வரவேற்ற ஆபிரகாமை அவர் ஓயாமல் தியானித்ததும் இதனாலேயே.

விருந்தினர் என்ற இச்சொல்லைச் சற்று எண்ணிப் பார்ப்போம். விருந்தினர் வீட்டுக்காரரின் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. வீட்டில் குற்றம் காண்பதற்காகவும் வருவதில்லை. உட்கார்ந்த இடத்தையே தம் வீடென்று உரிமை கொண்டாடுவதும் இல்லை. பரிமாறியதை உண்கிறார், நன்றி சொல்கிறார், தம் வீட்டுக்குத் திரும்புகிறார். எல்லாச் சமயமும் ஒன்றே என்று சொல்லி வீடுகளுக்கு இடையே உள்ள சுவர்களை இடித்துவிட்டால், விருந்து என்பதற்கே இடமில்லாமல் போகும். மாசிஞோன் இறுதிவரை கிறிஸ்துவை ஆண்டவர் என்று அறிக்கையிட்டார். நற்கருணையே அவருடைய அன்றாட உணவு. 1950ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கெய்ரோ நகரில், மெல்கீத் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையில் குருவாகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். அத்திருச்சபையில் மணமானவர்களும் குருவாகலாம். அதன் வழிபாட்டு மொழியோ அவர் நேசித்த அரபு.

விருந்து உண்டவருக்குக் கடமையும் உண்டு. 1219ஆம் ஆண்டு, சிலுவைப் போரின் நடுவே, புனித பிரான்சிஸ் அசிசியார் எகிப்தின் தமியேத்தா நகருக்கு அருகே சுல்தான் அல் காமிலை ஆயுதமின்றிச் சந்தித்தார். அதே நகரில் 1934ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், மாசிஞோனும் மேரி கஹீல் என்னும் எகிப்தியக் கிறிஸ்தவப் பெண்மணியும் இறைவன் திருமுன் ஒரு வாக்கு அளித்தனர். இஸ்லாமிய மக்களுக்காகத் தம் வாழ்வைக் கையளிப்பது; அவர்களை வலிந்து மதம் மாற்றுவதற்காக அன்று, அவர்களிலும் அவர்கள் வழியாகவும் இறைவனின் திருவுளம் நிறைவேறுவதற்காக. இதிலிருந்து பிறந்த செபக்குழுவுக்கு 'பதாலியா' என்று பெயர். மற்றவருக்குப் பதிலாக நிற்பது என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். நமக்குப் பதிலாகச் சிலுவையில் நின்றவரைப் பின்செல்வோருக்கு இதைவிடக் கிறிஸ்தவமான சொல் எது?

அவர் கைகளிலும் கறை இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அரபு நாடுகளைப் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட நாள்களில், 1917இல், அவர் பிரெஞ்சு அரசின் பணியில் இருந்தார். விருந்தோம்பிய மக்களுக்குக் கொடுத்த வாக்கைத் தம் நாடு மீறியது என்ற உணர்வு அவரை இறுதிவரை வருத்தியது. 1931இல் பாரிசில் காந்தியடிகளைச் சந்தித்தவர், அவரிடம் கற்ற நோன்பையே தம் கழுவாயாக ஏற்றார். மொராக்கோவுக்காக நோன்பிருந்தார். பாரிசில் கூலிவேலை செய்த வட ஆப்பிரிக்கத் தொழிலாளருக்கு இரவு வகுப்பு நடத்தினார். கைதிகளைச் சென்று கண்டார். அல்ஜீரியப் போர் நாள்களில் அமைதிக்காகக் குரல் கொடுத்தமைக்காகப் பொதுக்கூட்டத்தில் தாக்கப்பட்டார். பேராசிரியராக ஓய்வுபெற்ற முதியவருக்கு இவையெல்லாம் எதற்கு? ஒரு மக்களின் செபத்தைப் படித்தவர், அம்மக்களின் கண்ணீரைப் படிக்காமல் இருக்க முடியாது என்பதே காரணம்.

1962ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இரவு அவர் இறந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கி மூன்று வாரங்களே ஆகியிருந்தன. இஸ்லாமியரைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகிறது என்று சங்கம் அறிக்கையிட்டது 1965 அக்டோபர் 28ஆம் நாள். அந்த நாளை அவர் காணவில்லை. அதற்காக நிலத்தைப் பண்படுத்தியவர்களுள் அவர் ஒருவர் என்பதை வரலாறு மறக்கவில்லை.

கஞ்சியும் மாலையும்

இவ்வளவும் எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று எண்ணும்போது ஒரு நிகழ்ச்சி என்னைத் தலைகுனிய வைக்கிறது.

குருமடத்தில் நான் படித்தபோது ஒப்பியல் சமயம் எனக்கு விருப்பமான பாடம். தாளின் நடுவே கோடு கிழித்து ஒருபுறம் ஒற்றுமைகளையும் மறுபுறம் வேற்றுமைகளையும் எழுதுவேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. பின்னர் நான் பணியாற்றிய ஒரு பங்கில், கோயிலுக்கு எதிர்த்த தெருவில் இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார். 'பாய்' என்றே நாங்கள் அழைப்போம். ரமலான் மாதம் பிறந்தால், மாலைதோறும் ஒரு தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி பங்கு இல்லத்துக்கு வந்துவிடும். ஐந்து ஆண்டுகள் வந்தது. ஐந்து ஆண்டுகளும் நான் நன்றி சொன்னேன். ஒருமுறையேனும் அவரருகில் அமர்ந்து, "பாய், இந்த நோன்பு உங்க உள்ளத்துல என்ன செய்யுது?" என்று கேட்டதில்லை.

ஆறாம் ஆண்டு அவர் இறந்தார். அன்று திருவிழாக்குழுக் கூட்டம் இருந்தது. நான் போகாமல், உபதேசியாரிடம் பெரிய ரோசாப்பூ மாலை ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவர் மாலையோடு திரும்பி வந்தார். "அவுங்க மாலை போடுற வழக்கம் இல்லையாம் சாமி. ஆனா, சாமி வரலையான்னு கேட்டாங்க" என்றார்.

இஸ்லாத்தைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாய் எழுதியவனுக்கு, எதிர்வீட்டு மனிதரை எப்படி வழியனுப்புவது என்று தெரியவில்லை. அந்த மாலை பங்கு இல்லத்து மேசைமேல் கிடந்து வாடியது. 'படிப்புத்தானே' என்று நான் சொன்ன சொல்லின் முழுப் பொருளும் அந்த மாலையில் இருந்தது. பிறர் சமயத்தை வெறும் படிப்பாகக் கொண்டவனுக்கு அது கெடுதல் செய்யவில்லைதான்; நன்மையும் செய்யவில்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு நாள், அந்தத் தந்தையின் வீட்டுக்கு நானே சென்றேன். மகளும் உடனிருந்தாள். முன்பு சொன்ன பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். "உங்க பயம் நியாயமானதுதான். இது வெறும் படிப்பு இல்ல. ஆனா பிள்ளை படிக்கட்டும். திரும்பி வர ஒரு வீடு இருக்குன்னு தெரிஞ்சவதான் நல்ல விருந்தாளியா இருக்க முடியும். அந்த வீட்டை விளக்கேத்தி வைக்கிறது உங்க வேலை, என் வேலை" என்றேன். மகளிடம், "நூலகத்தோட நின்னுடாதம்மா. அந்த மக்கள் வீட்டுக்கும் போ. அவங்க செபிக்கும்போது பக்கத்துல மரியாதையா நில்லு" என்று மட்டும் சொன்னேன்.

மாசிஞோன் புறப்பட்டபோது அவருக்குத் திரும்பிச் செல்ல விசுவாசமென்னும் வீடு இல்லை என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அவருக்காக ஒரு தாய் செபித்துக்கொண்டிருந்தார். பாலைநிலத்தில் ஒரு துறவி செபித்துக்கொண்டிருந்தார். அந்நிய ஊரில் ஒரு குடும்பம் அவரைத் தம் விருந்தினர் என்று காத்து நின்றது. பிள்ளைகள் தொலைவில் செல்லும் காலத்தில் நாம் செய்யக்கூடியதும் இதுதான். அச்சத்தைக் காட்டி அவர்களை நிறுத்த முயல்வதைவிட, அவர்களுக்காகச் செபிப்போம். நம் வாசலில் வந்து நிற்கும் பிறர் பிள்ளைகளையும் நம் விருந்தினராய்க் காப்போம்.

சென்ற மாதம் என் பழைய பங்குக்குச் சென்றிருந்தேன். பாயின் மகன் இப்போது கடையை நடத்துகிறார். என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். "வாங்க சாமி. அத்தா உங்களைப் பத்தி அடிக்கடி சொல்லுவாங்க" என்றார். காலம் கடந்து வந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தேநீர் வாங்கிவரப் பையனை அனுப்பினார். நான் அமர்ந்தேன். அத்தாவின் நோன்பைப் பற்றிக் கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார்.